ராகு காலத்தில் ஒரு பியானோ

கன்டோன்மென்ட்டில் ஸ்டெல்லா மேடம் வீட்டு ஹாலில், அவர் விற்கப்போகும் பழைய கிராண்ட் பியானோவைப் பார்த்ததும் என் பெண் மாலினியின் கை தானாக நீண்டது. "ராகு காலம் முடியட்டும்டி, அப்புறம் தொடலாம்," என்று தடுத்தார் என் கணவர் ஹயக்ரீவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்டி மேடையில் விரல் ஓடாமல் பாதியில் எழுந்து வந்தவள், இரண்டு வருஷம் கழித்துப் போன வாரம்தான் மறுபடி வாசிக்கிறேன் என்றாள். எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்ததும் இது ஒன்றுதான். காத்திருக்கிற நேரத்தில் அவள் மனசு மாறிவிட்டால்?

காபி வந்து ஆறியது. மாலினியின் விரல்கள் முழங்காலில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தன. நான் அவற்றையே பார்த்தேன். உடனே நின்றுவிட்டன.

"ராகு காலம் முடிஞ்சாச்சு. இப்ப உட்காரும்மா," என்றார் ஹயக்ரீவன்.

உட்கார்ந்தாள். கைகள் மடியிலேயே இருந்தன.

"பயப்படாம வாசி," என்றேன்.

"நீ பார்த்துண்டிருந்தா எனக்கு வரலைம்மா. கொஞ்சம் வெளியில இரேன்."

வாசலில் செருப்பை மாட்டும்போது முதல் சத்தம் கேட்டது. பிறகு நிற்கவே இல்லை. நான் அசையாமல் நின்றேன்.

வெகு நேரம் கழித்து ஹயக்ரீவன் வந்தார். "இதையே வாங்கிடலாமாம். ஆனா கதவு சாத்தற ரூம்லதான் வைக்கணும்கறா."