மேற்கு ஜன்னலோரத்து அடுப்பு

முப்பத்தியோரு வருஷம் போலீஸில் இருந்து எஸ்.ஐ.யாக ஓய்வுபெற்ற நம்பிராஜன், யார் உத்தரவும் இல்லாமல் தன் சொந்த மூளையால் செய்த ஒரே காரியம் தென்காசியில் கட்டிய வீடுதான். அதிலும் அவர் பெருமையெல்லாம் அடுப்படியின் மேற்கு ஜன்னல். ஐந்தடி அகலம். அதற்கு நேர் கீழே கருங்கல் மேடை, மேடைமேல் கேஸ் அடுப்பு.

"சமைச்சுக்கிட்டே குத்தாலம் மலையைப் பாக்கலாம். எந்தக் கலெக்டர் வீட்டுல உண்டும்?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார். எந்தக் கலெக்டரும் வந்து மறுக்காததால் மூன்று வருஷமாக அந்தக் கேள்வி தோற்காமல் இருந்தது.

மலை தெரிகிற ஜன்னல் வழியாக மலைக்காற்றும் வரும். ஆனி, ஆடியில் செங்கோட்டைப் பக்கமிருந்து வருகிற சாரல் காற்று அடுப்புத் தீயைச் சாய்த்துப் படுக்கவைக்கும். சிம்மில் வைத்தால் ஊதியே அணைத்துவிடும். இந்த விவரம் தெரிந்தது சமைக்கிற அவர் மனைவி ஆனந்தவள்ளிக்கு மட்டும்.

"அடுப்பை எதுத்த சுவருக்கு மாத்துங்கன்னு மூணு வருஷமா சொல்லுதேன்."

"மலைக்கு முதுகைக் காட்டிக்கிட்டா சமைக்கப் போற?"

"தீ நின்னு எரியணும்லா? மலை வந்து சாம்பார் வைக்காது."

அவர் அசையவில்லை. அவள் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்தை ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவில் சாய்த்துவைத்து, காற்றை மறித்துச் சமைத்துவந்தாள்.

போன மாதம் கேஸ் ஏஜென்சிக்காரர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் பாதுகாப்பு வகுப்பு நடத்தினார்கள். ஆனந்தவள்ளி எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி ஒரு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கிவந்தாள். "நான் எஸ்.ஐ. பரீட்சைக்கே இவ்வளவு படிக்கலையே" என்று நம்பிராஜன் சிரித்தார். அவள் விடவில்லை. ரெகுலேட்டரை மூடும்போதெல்லாம் அவர் காதில் விழுகிற மாதிரி ஒப்பித்தாள்: "வாடை வந்தா அடுப்புத் திருகை மூடணும், ரெகுலேட்டரை மூடணும், கதவைத் தெறக்கணும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கேஸுக்குக் கனம் ஜாஸ்தி, தரையிலதான் கெடக்கும். மேல ஜன்னல் தெறந்திருக்குன்னு நம்பி உள்ள நிக்காதீய."

சீசன் தொடங்கினால் தென்காசிக்காரர்களுக்குச் சொந்தங்கள் பெருகும். வருகிறவர்கள் அருவிக்குப் போவார்கள், ஆனந்தவள்ளி அடுப்படிக்குப் போவாள். இந்த முறை ராயகிரியிலிருந்து வந்த அவள் தம்பி உச்சிமாகாளியும் அவன் பெண்டாட்டி சங்கரேஸ்வரியும் அவளை விடவில்லை.

"ஊரெல்லாம் பஸ் ஏறி வந்து அருவியில குளிக்கி. நீ இங்கன இருந்துக்கிட்டு குழாயில குளிக்க. வாக்கா."

போனாள். போகும்முன் ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் போனாள்.

பதினோரு மணிக்கு நம்பிராஜனுக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. நனைந்து, நடுங்கி வருகிறவர்களுக்குச் சூடாகச் சுக்கு காபி வைத்துக்கொடுத்தால் என்ன? அவருக்கு நல்ல எண்ணங்கள் அடிக்கடி வராது, அதனால் வந்ததைக் கையாளும் பழக்கமும் இல்லை. ரெகுலேட்டரைத் திறந்தார், பானையை ஏற்றினார், பற்றவைத்தார், சிம்மில் வைத்தார். தாம்பாளம் மலையை மறைத்தது. எடுத்து ஓரமாக வைத்தார். மேகம் இறங்கிய மலையை ஒரு போட்டோ எடுத்து, ஓய்வுபெற்ற போலீஸ்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு, யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க முன்கூடத்தில் போய் உட்கார்ந்தார்.

இருபது நிமிஷத்தில் பதினாறு கைகூப்பல்கள் வந்தன. கூடவே வாடையும் வந்தது.

போனை நாற்காலியில் போட்டுவிட்டு ஓடினார். அடுப்பில் தீ இல்லை, திருகு சிம்மிலேயே இருந்தது. ஜன்னல் அகலத் திறந்திருந்தும் வாடை காலைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. புகைபோக்கி ஃபேனைப் போட்டால் ஒரு நிமிஷத்தில் இழுத்துவிடும் என்று கை சுவிட்சுக்குப் போனது. ஒரு விரல்கடை தூரத்தில் ஆனந்தவள்ளியின் ஒப்பித்தல் காதில் கேட்டது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது.

கையை இழுத்துக்கொண்டார். திருகை மூடினார். ரெகுலேட்டரை மூடினார். பின்கதவைத் திறந்தார், முன்கதவைத் திறந்தார், வெளியே இறங்கினார். அப்போதுதான் அருவிக்குப் போனவர்களின் கார் வந்து நின்றது.

வாசல் தூணில் காலிங் பெல் சுவிட்ச். மணி இருப்பதோ அடுப்படி நிலைக்கு மேலே. உச்சிமாகாளி அதை ஒரு தடவை அமுக்கினால் பல்லவி, சரணம் முடித்துத்தான் விடுவான். ஈரத்துண்டோடு இறங்கியவன் விரலை நீட்டிவிட்டான்.

நம்பிராஜன் லுங்கியோடு பாய்ந்துவந்து, பஸ்ஸை மறிக்கிற மாதிரி கையை நீட்டி நின்றார்.

"பெல்லைத் தொடாத மாப்ள. கையை எடு."

"என்னத்தான், ரெய்டா?"

ஆனந்தவள்ளி ஒரே மூச்சில் வாடையைப் பிடித்துவிட்டாள்.

"திருகு?"

"மூடியாச்சு."

"ரெகுலேட்டர்?"

"மூடியாச்சு. ரெண்டு கதவும் தெறந்தாச்சு."

"சுவிட்சு?"

"கை போச்சு. தொடலை."

எந்த டி.எஸ்.பி.யும் அவரை இவ்வளவு சுருக்கமாக விசாரித்ததில்லை. அவள் யாரையும் உள்ளே விடவில்லை. தெருவில் நின்றே ஏஜென்சிக்குப் போன் போட்டாள்.

"சிலிண்டர்ல கோளாறா இருக்கும்" என்றான் உச்சிமாகாளி. "அவனுவள விடப்படாது அத்தான்."

நல்ல வழி. ஜன்னலும் தப்பும், மூன்று வருஷத்துப் பேச்சும் தப்பும், இருபது பேர் மனுவில் கையொப்பமிட்டாலும் மனசு மாறாத நம்பிராஜன் என்ற பெயரும் தப்பும். ஆனால் அடுத்த சாரலில் ஆனந்தவள்ளி மறுபடி அதே அடுப்புக்கு முன்னால் நிற்பாள். அவர் அவளைப் பார்த்தார். அருவியில் நனைந்த தலையோடு, வயதில் பல வருஷம் குறைந்தவளாய் நின்றாள்.

"சிலிண்டர் ஒழுங்கு மாப்ள. காத்துக்கு வச்சிருந்த தாம்பாளத்தை எடுத்தது நான். மலையை மறைச்சுதுன்னு எடுத்தேன். அங்கன அடுப்பே இருக்கக்கூடாது. உங்கக்கா மூணு வருஷமா சொல்லுதா, நான் கேக்கலை." ஆனந்தவள்ளியைக் கையால் காட்டினார். "இன்னைக்கு இந்த வீட்டுக்குக் கூரை இருக்குன்னா, அது அவ படிச்ச படிப்பு. டிபன் பாக்ஸ் எல்லாம் பத்தாது."

"ரோட்டுல வச்சு இதெல்லாம் எதுக்கு" என்று ஆனந்தவள்ளி துண்டால் தலையைத் துவட்டினாள். முகத்தையும் சேர்த்துத் துவட்ட அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மெக்கானிக் வந்து பார்த்து, வாடை போய்விட்டது என்று சொல்லும்வரை எல்லோரும் சாரலில் நின்றார்கள். எதிர்வீட்டிலிருந்து சுக்கு காபி வந்தது. நன்றாகத்தான் இருந்தது என்பதை நம்பிராஜன் ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை கொத்தனார் பெஞ்சமின் வந்தார். எதிர்ச்சுவரில் மேடை போட்டு அடுப்பு இடம் மாறியது. பழைய டியூபைக் கழற்றிப் புது டியூபும் மாட்டினார்கள்.

இப்போதும் விருந்தாளிகளை நம்பிராஜன் நேரே அடுப்படிக்குத்தான் கூட்டிப்போகிறார். "பாருங்க, இந்த அடுப்பு இருக்க இடம் எங்க வீட்டம்மா பிளான். எந்தக் கலெக்டர் வீட்டுல உண்டும்?"

மேற்கு ஜன்னலுக்குக் கீழே இப்போது ஒரு ஸ்டூல் கிடக்கிறது. அதில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பது அவர் வேலை. சாரல் முதுகில் அடிக்கும். மலை பின்னால் இருக்கும். அவர் பார்ப்பது எதிரே, ஆனந்தவள்ளியின் கைக்குக் கீழே, அணிவகுப்பில் நிற்கிற மாதிரி அசையாமல் எரிகிற நீலத் தீயை.