காந்தம் ஏறிய தங்க வாட்ச்

என் மச்சான் எனக்குத் தர வேண்டிய பாக்கி நாலாயிரத்து முந்நூற்று எண்பது. மச்சான் என்றால் என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. ஆகவே அந்தப் பணத்தைக் கேட்கவும் முடியாது, விடவும் முடியாது. கேட்டால், "என் தம்பி கழுத்துல கத்தி வைக்காதீங்க" என்பாள். விட்டால், "என் தையல் மிஷினுக்கு மோட்டார் எங்க?" என்பாள். மோட்டார் புகைந்து செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தைக்க வந்த துணியெல்லாம் கட்டிலை ஆக்கிரமித்துக்கொண்டதால் நாங்கள் இருவரும் தரையில் படுத்தோம்.

கடன் முழுக்க வாட்சில் போன பணம். உலகத்துக் கோடீஸ்வரர்கள் கட்டுகிற வாட்ச் அத்தனையும் எங்கள் வீட்டு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. அத்தனையும் டூப்ளிகேட். டயலில் போட்டிருக்கும் பெயரை எழுத்துக் கூட்டி வாசிக்க நான் கற்றதே நாற்பது தாண்டித்தான். மூடியைத் திறந்து உள்ளே பார்க்க எழுத்து எதற்கு? பழைய இரும்பு யார்டில் பகலெல்லாம் சுமந்துவிட்டு, தோள் இரண்டும் கழன்று கையில் வருகிற மாதிரி வீட்டுக்கு வருவேன். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு ஒரு மூடியைத் திறப்பேன். உள்ளே அந்தச் சின்னச் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தால் போதும், குழந்தை தூளியில் ஆடுவதைப் பார்த்த மாதிரி எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

எந்த வாட்சையும் வந்தபடியே விடமாட்டோம். டயலை மாற்றுவோம், முள்ளை மாற்றுவோம், பட்டையைத் தேய்த்து மெருகேற்றுவோம். விநாடி முள் தத்தித் தத்திக் குதிக்கக் கூடாது, எண்ணெயில் வழுக்குவது போல் போக வேண்டும். தேதிக்கு மேலிருக்கும் குமிழ்க் கண்ணாடி நூலளவு சாய்ந்திருந்தாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது. மச்சானுக்குத் தொழில் முடிவெட்டுவது. இடுக்கி பிடித்தால் கை நடுங்காது. ஒரே குறை, அவன் மூடிய வாட்சில் கண்ணாடிக்கு அடியில் யாருடைய மீசை முடியாவது ஒன்று கிடக்கும். கேட்டால், "பணக்கார வாட்சுல கொஞ்சம் மனுஷ வாடையும் இருக்கட்டுமே மாமா" என்பான். அவனுடைய வாட்சுகளுக்குச் சாமான் வாங்க என்னிடம் கை நீட்டி நீட்டித்தான் கடன் அந்த அளவுக்கு ஏறியது.

ஒருநாள் எங்கள் யார்டு மேஸ்திரி அவனிடம் சவரம் செய்துகொள்ளப் போனார். கத்தியை அவர் தொண்டையில் வைத்துக்கொண்டே மச்சான் வியாபாரம் பேசியிருக்கிறான். தங்க நிற வாட்ச், விலை ஐயாயிரம். மேஸ்திரி லேசுப்பட்டவரா? "ஒரு மாசம் கட்டிப் பாப்பேன். ஒழுங்கா ஓடினா அஞ்சாயிரம். ஓடலேன்னா உன் மூஞ்சியில விட்டெறிவேன்" என்று சொல்லிவிட்டுக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மச்சான் ஓடிவந்தான். "மாமா, உங்க கடன் அடைஞ்ச மாதிரிதான்! அக்கா, உனக்கு மோட்டார் வந்தாச்சு!"

"வரட்டும், அப்புறம் உனக்கு டீ போடுறேன்" என்றாள் அவன் அக்கா.

எனக்குத்தான் சுருக்கென்றது. "டேய், காந்தத்துக்கிட்ட போகாதீங்கன்னு சொன்னியா?"

"என்ன காந்தம்?"

"எங்க யார்டு கிரேன்ல தொங்குதே, இரும்பையெல்லாம் ஒட்டித் தூக்குமே, அந்தக் காந்தம்!"

அவன் தலையைச் சொறிந்தான். "கடலுக்கு அடியில கட்டலாம், ராக்கெட்ல கட்டலாம்னு சொன்னேன் மாமா. யார்டு பத்திப் பேச்சே வரல."

வாட்சுக்குள் தலைமுடி போல ஒரு சுருள் கம்பி இருக்கும். அதில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வாட்ச் நடக்காது, ஓட்டம் பிடிக்கும். அதனால்தான் இத்தனை வாட்ச் வைத்திருக்கிற நான் யார்டுக்கு வெறும் கையோடு போகிறேன். மேஸ்திரியிடம் சொல்லிவிடலாம் என்றேன். மச்சான் என் காலில் விழாத குறை. "ஒரே ஒரு மாசம் மாமா! சொன்னா இப்பவே திருப்பிக் குடுத்துடுவாரு!" என் மனைவி கருகிய மோட்டாரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

யார்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசல் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். உள்ளே நேரம் என்றால் மேஸ்திரியின் மணிக்கட்டுதான். அவர் பார்த்து மணி அடித்தால் சாப்பாடு, மறுபடி அடித்தால் வீடு.

வாட்ச் வந்த சில நாளிலேயே சாப்பாட்டு மணி முந்திக்கொண்டது. நாங்கள் கிரேன் அக்கா என்று கூப்பிடும் கிரேன்காரி மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னடா, வயிறு இன்னும் சத்தமே போடல, அதுக்குள்ள மணி சத்தம் போடுது?"

சாயங்கால மணியும் அப்படித்தான். வாசலில் போனை எடுத்தவர்கள் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அரை மணி நேரம் முன்னால் விட்டிருக்கிறார்! யாரும் மூச்சுவிடவில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரிசையாக வெளியே வந்தோம். தெருமுனை திரும்பினோமோ இல்லையோ, இரும்பு வெட்டுகிறவன் என்னை அலாக்காகத் தூக்கி மூன்று சுற்று சுற்றினான். கிரேன் அக்கா நடுத்தெருவில் நின்று டான்ஸ் ஆடினாள். நேற்று முதுகு பிடித்துக்கொண்டது என்று லீவு கேட்டவள் அவள்தான்.

காரணம் என்ன என்று துளைத்தார்கள். காந்தம் என்று உளறிவிட்டேன். அதுதான் தப்பாகப் போயிற்று. மறுநாளிலிருந்து மேஸ்திரி எங்கே நின்றாலும் கிரேன் அக்கா காந்தத்தை அவர் பக்கத்தில் கொண்டுபோய், ராஜாவுக்குச் சாமரம் வீசுகிற மாதிரி கொஞ்சம் ஆட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றதும் எங்களுக்குக் கை பறந்தது. ஒரு லோடுகூடக் குறையவில்லை. யார்டே சிரித்தது. நான் மட்டும் மாதம் முடிய எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினேன். வாட்ச் ஓட ஓட, என் நாலாயிரத்து முந்நூற்று எண்பதும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி முதலில் போனைத் திட்டினார். பிறகு வீட்டுக் கடிகாரத்தைத் திட்டினார். மாதக் கடைசியில் என்னைக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கு வரேன். உன் மச்சானும் இருக்கணும்." சிரிக்கவில்லை.

யார்டில் கிடந்த பழைய டிரான்ஸ்பார்மரிலிருந்து மெல்லிய இரும்புத் தகடு ஒன்றைப் பிரித்து, வாட்ச் மூடிக்கும் டயலுக்கும் அளவாக வெட்ட ஆரம்பித்தேன். அதை உள்ளே வைத்து மூடினால் காந்தம் சுருள் கம்பியை அண்டாது. கிரேன் அக்கா மோப்பம் பிடித்துவிட்டாள்.

"அண்ணே, அந்தத் தகட்டை மட்டும் வெச்சே, திங்கக்கிழமை உன்னைத் தூக்கி லாரியில போட்டுடுவேன்."

"நான் என்ன இரும்பா?"

"உன் பெல்ட்டு பக்கிள் போதும் எனக்கு."

வீட்டிலோ மனைவி வேறு பாட்டு. "தகட்டை வைங்க, வாட்சைச் சரி பண்ணுங்க, காசை வாங்குங்க. அவங்க டான்ஸ் ஆடுறதுக்கு நான் கையால தைக்கணுமா?"

ஞாயிற்றுக்கிழமை வாசலில் மேஸ்திரியின் இருமல் கேட்டதும் மச்சான் கட்டிலில் பாய்ந்து துணிக்குவியலுக்குள் புகுந்துகொண்டான். மேஸ்திரி உட்கார்ந்தார். வாட்சைக் கழற்றி என் முன்னால் வைத்தார்.

"ஏன்யா இப்படி ஓடுது இது?"

இனி மறைத்து என்ன பயன்? எல்லாவற்றையும் சொன்னேன். காந்தம் இறக்குகிற சின்னப் பெட்டியை எடுத்து, வாட்சை அதன்மேல் வைத்துப் பொத்தானை அழுத்தி, அப்படியே மெல்ல மேலே தூக்கினேன். உர்ரென்றது, அவ்வளவுதான். வாட்ச் சாதுவாகிவிட்டது. வெட்டிய தகட்டையும் காட்டினேன். "இதை உள்ள வெச்சுட்டா, அப்புறம் எந்தக் காந்தமும் ஒண்ணும் பண்ணாது மேஸ்திரி."

அவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"கிரேன்காரி?"

"அவதான் முக்கியமா."

கதவுப் பக்கம் நின்ற என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். வேலையும் போச்சு, மோட்டாரும் போச்சு என்று நினைத்திருப்பாள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார். "என் வீட்டுக்காரி என்னை வெளிச்சத்துல பாத்தே ரொம்ப வருஷமாச்சு. போன வாரம் சீக்கிரம் போனேனா, நீங்க யாரு, என்ன வேணும்ங்கிறா. கிண்டல்! அப்புறம் ரெண்டு பேரும் பார்க்குக்குப் போனோம். ஊஞ்சல்ல உக்காந்து, தள்ளுங்கன்னா. தள்ளினேன். இந்த வயசுல!" அவர் காது சிவந்திருந்தது. "முதலாளி கேக்குறது எடையைத்தான். எடை ஒரு கிலோ குறையல. ஆனா ராத்திரி முள்ளைத் திருப்பி வெச்சாலும் இந்தச் சனியன் வீட்டுலயும் ஓடுதே! காலையில பஸ் வர்றதுக்கு முன்னாடியே போய் மரம் மாதிரி நிக்கிறேன். ஏம்பா, யார்டுல வேகமாவும் வீட்டுல ஒழுங்காவும் ஓடுற மாதிரி ஒரு வாட்ச் பண்ண முடியுமா?"

எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பீறிட்டது. "மேஸ்திரி, அது இப்பவே அந்த மாதிரி வாட்ச்தான்!" என்று சொல்லி, பெட்டியை அவர் கையில் வைத்தேன். "சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஒரு அழுத்து, முள்ளைச் சரியான நேரத்துக்குத் திருப்பிக்குங்க. யார்டுல நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். கிரேன் அக்கா பாத்துக்குவா."

அவர் அழுத்திப் பார்த்தார். உர்ர். மறுபடி அழுத்தினார். உர்ர். பிறகு அழுத்துவதற்காகவே அழுத்தினார்.

"ஸ்பெஷல் மாடல்! அஞ்சாயிரத்து ஐந்நூறு!" என்றது துணிக்குவியல்.

"உன் வீட்டுல துணி பேசுமா?" என்று கேட்டபடி மேஸ்திரி பையில் கைவிட்டார். "அஞ்சாயிரம்னு பேச்சு. அதுக்கு மேல சல்லிக்காசு கிடையாது."

தலையில் யாருடையதோ ஒரு பாவாடையோடு மச்சான் வெளியே வந்து கையை நீட்டினான். அவன் அக்கா நடுவில் புகுந்து பணத்தைப் பறித்தாள். எச்சில் தொட்டு எண்ணி, அறுநூற்று இருபதைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"உன் கணக்கு தீந்துச்சு. ஓடு."

மீதியை முந்தானையில் முடிந்துகொண்டு, இடதுகால் செருப்பை வலதுகாலில் மாட்டியபடி மோட்டார் வாங்கக் கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காதே என்று நான் கத்தினேன். காதில் வாங்காமல் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள்.