ராசாவின் குடை

எங்கள் முருகன் கோயிலில் தேரன்று முதல் காளாஞ்சி யாருக்கு என்பதுதான் சண்டை. வெற்றிலை, பாக்கு, பூமாலை வைத்த ஒரு தட்டு, அவ்வளவுதான். ஆனால் ஐயர் அதை முதலில் யார் கையில் கொடுக்கிறாரோ, அந்த வருடம் சுவிஸின் ஷாஃப்ஹவுசன் ஊரில் அவன்தான் மனிதன். கோயில் ஒரு பழைய பட்டறைக்குள் இருந்த காலத்திலிருந்தே சுவாமியைத் தோளில் சுமந்தவன் நான். இந்த முறை எனக்குத்தான் என்று இருந்தேன். நித்தியானந்தன் குறுக்கே வந்தான்.

"எங்கட காணிக்குப் பேர் ராசா வளவு. நல்லூர் ராசா எங்கட பரம்பரைக்கு இறையிலியாத் தந்தது. வரியே கிடையாது" என்று கோயில் தலைவர் இரவீந்திரனிடம் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து தலைவர் அவனுக்குக் கதிரை இழுத்துப் போடுகிறார். எனக்கு வயிறு எரிந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது? அந்த யாழ்ப்பாண ராசா செத்து நானூறு வருடமாகிறது. அவர் பேரில் இவனுக்குக் கதிரை!

தேருக்கு முந்திய கிழமை கோயில்காரர் எல்லாரும் பஸ்ஸில் பக்கத்துக் குட்டி நாடான லிச்சென்ஸ்டைன் போனோம். அதை ஆளும் இளவரசரின் கோட்டை மலைமேல் இருக்கிறது. உள்ளே விடமாட்டார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து பஸ்ஸில் ஏறினோம். என் பேத்தி வேணுகா, இங்கே பிறந்தவள், போனைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பப்பா, பிரின்ஸின்ட வீட்டுச் செலவுக்குச் சனத்தின்ட வரிக்காசு இல்லையாம். சொந்தக் காடு, திராட்சைத் தோட்டம், பாங்க் எல்லாம் இருக்காம். முந்தி செக் நாட்டுப் பக்கமும் பெரிய பெரிய காணியளாம். ரெண்டாம் உலகச் சண்டைக்குப் பிறகு பறிச்சுப்போட்டினமாம்."

"ஊரில எங்கட காணியையும்தான் ஆமி பிடிச்சது. எங்களிட்ட பாங்க் இல்லை, அதுதான் வித்தியாசம்" என்றேன்.

பின்சீட்டிலிருந்து நித்தியானந்தன் குரல் கொடுத்தான். "ராச குடும்பத்தின்ட கஷ்டம் ராச குடும்பத்துக்குத்தான் விளங்கும், அண்ணை."

சனம் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழும்பித் திரும்பினேன்.

"ராசா சும்மா காணி தருவாரோ? சம்பளத்துக்குப் பதிலாத்தான் காணி. உம்மட ஆக்கள் அவருக்கு என்ன சேவை செய்தவை?"

எங்கள் ஆட்களிடம் அது சாதி கேட்கிற கேள்வி. தெரிந்துதான் கேட்டேன். வேணுகாவுக்கு மட்டும் விளங்கவில்லை.

"சேவை எண்டா வேலைதானே? சொல்லுங்கோ நித்தி மாமா!"

அவன் யன்னலைப் பார்த்தான். போத்தலைத் திறந்து தண்ணீர் குடித்தான்.

"குடை" என்றான். "ராசாவுக்குக் குடை பிடிச்சவை."

அவன் அதை அந்த நேரத்தில்தான் கண்டுபிடித்தான் என்று இன்றும் சொல்வேன்.

"குடைக்காரரோ! அப்ப ராச குடும்பம் இல்லை. ராசாவுக்குப் பக்கத்தில வேர்க்க வேர்க்க நிண்ட குடும்பம்!"

இந்த முறை சனம் எனக்காகச் சிரித்தது. தலைவரும் சிரித்தார். ரைன் ஆற்றைக் கடந்ததும் என் சீட்டுக்கு வந்து, "காளாஞ்சி உங்களுக்குத்தான் அண்ணை" என்றார்.

தேரன்று ஐயர் தட்டை என் கையில்தான் முதலில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் தேரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேரின் மேல், முருகனுக்குப் பக்கத்தில், பட்டுவேட்டியோடு நித்தியானந்தன் நின்றான். கையில் பொன்சரிகைக் குடை.

"ராசாவுக்குப் பிடிச்ச பரம்பரை, சுவாமிக்கும் பிடிக்கட்டும் எண்டு நான்தான் ஏத்தினனான்" என்றார் தலைவர், பெரிய வேலை செய்தவர் மாதிரி.

தெருவோரம் நின்ற சுவிஸ்காரரெல்லாம் அவனைப் படம் எடுத்தார்கள். வேணுகாவும் போனைத் தூக்கினாள்.

"அப்பப்பா, கொஞ்சம் விலகுங்கோ. நித்தி மாமா மறையிறார்."

தட்டோடு விலகினேன். குடை ஒரு பக்கம் சரிந்துதான் இருந்தது. நான் என்றால் நேராகப் பிடித்திருப்பேன்.