விட்டுப்போன பத்து மதிப்பெண்

எங்கள் தெருவில் எனக்குப் பெயர் கிடையாது. டீச்சர் வீட்டுக்காரர், அவ்வளவுதான். முப்பத்து நான்கு வருடம் பேருந்தில் நடத்துநராக இருந்து தொண்டை கிழியக் கத்தியவன் நான். ஆனாலும் தபால்காரர்கூட "டீச்சர் வீட்டுக்காரரே, கையெழுத்துப் போடுங்க" என்றுதான் கூப்பிடுவார். பெயர் போனால் போகட்டும். அந்த டீச்சராவது எனக்குக் கிடைத்தாளா என்றால் அதுவும் இல்லை.

ஊருக்கெல்லாம் கிடைத்தாள். பகலில் பள்ளிக்கூடம். மாலையில் ஆலைக்குப் போகும் பெண்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு. அது முடிந்தால் யாருக்காவது விண்ணப்பம் எழுத வேண்டும், இல்லையென்றால் பெண்ணின் படிப்பை நிறுத்தப் பார்க்கும் எந்த அப்பனோடாவது மல்லுக்கட்ட வேண்டும். நடுவில் என் தங்கைகள் இருவரையும் படிக்க வைத்ததும், எங்கள் மகனையும் மகளையும் வளர்த்ததும், என் அம்மாவுக்குக் கடைசிவரை கஞ்சி ஊட்டியதும் அவள்தான். நான் பேச வாயெடுத்தால் "இருங்க, இதோ வந்துடறேன்" என்பாள். அந்த 'இதோ' ஐம்பத்து மூன்று வருடம் நீண்டது.

எனக்கென்று மிஞ்சியது தேர்வு முடிந்த ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும்தான். சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் கட்டைப் பிரித்துப் போடுவாள். அவள் திருத்துவாள். நான் முதல் பக்கத்துக் கட்டங்களில் இருக்கும் மதிப்பெண்களைக் கூட்டி அடியில் எழுதுவேன். அவள் மேசையின் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். தலையை நிமிர்த்தவே மாட்டாள்.

கல்யாணமான முதல் வருடமே ஒன்றைக் கண்டுபிடித்தேன். கூட்டல் தப்பாக இருந்தால் அவள் எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். "ஓடுற பஸ்ல அறுபது பேரை எண்ணத் தெரியுது, அஞ்சு கட்டத்தைக் கூட்டத் தெரியலையா?" என்று சிவப்புப் பேனாவால் என் கையில் ஒரு தட்டு. பிறகு தோளோடு தோள் உரச, கட்டத்துக்குக் கட்டம் விரல் வைத்துக் கூட்டிக் காட்டுவாள். அவள் புடவையில் சாக்பீஸ் வாசனை அடிக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு விடைத்தாள் கட்டிலும் ஒரு தாளில், வேண்டுமென்றே பத்தைக் குறைத்து எழுதினேன். கட்டு முழுவதையும் இன்னொரு முறை பார்க்காமல் அவள் பள்ளிக்குக் கொண்டுபோக மாட்டாள் என்ற தைரியம். பிள்ளை குட்டி பெற்றவன் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார இப்படித் திருட்டுத்தனம் செய்தான் என்றால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.

ஒரு வருடம் முழுத்தேர்வின்போது எங்கள் பையனுக்குக் காய்ச்சல் கொதித்தது. அவள் அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள். மூன்று நாள் அங்கேயே இருந்தாள். விடைத்தாள் கட்டை வாங்கிப்போகப் பள்ளியிலிருந்து ஆள் வந்தபோது நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பையன் பிழைக்க வேண்டுமே என்ற கவலையில், தப்புத் தாள் ஒன்று உள்ளே இருப்பது நினைவிலேயே இல்லை. நினைவு வந்தபோது பள்ளிச் சுவரில் முடிவுகளை ஒட்டியாயிற்று.

அந்தத் தாள் எறும்பினுடையது. ஓர் இடத்தில் நிற்காத பொடிப் பெண் என்பதால் வகுப்பே வைத்த பெயர் அது. நாற்பத்தொன்று வாங்கியவள், என் கைங்கரியத்தில் முப்பத்தொன்று வாங்கினாள். தேற முப்பத்தைந்து வேண்டும். "படிச்சுக் கிழிச்சது போதும்" என்று அவள் அப்பா பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்.

அன்றே சொல்லியிருந்தால் தாளை எடுத்துத் திருத்தியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. டீச்சருக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் என்னைக் கேவலமாகப் பார்ப்பாளே என்ற பயம்தான் உள்ளே இருந்தது. அவளோ தான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். அப்பனோடு சண்டை போட்டு, தினமும் சாயங்காலம் எறும்பின் வீட்டுக்கே போய்ப் பாடம் நடத்தி, அடுத்த வருடம் தேர்வு எழுதித் தேற வைத்தாள். எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மாலையும் போயிற்று. என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

எண்பது வயதில் இதயம் பலவீனமாகி அவள் படுத்துவிட்டாள். இனி நாள் கணக்குதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவளிடம் படித்தவர்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். நரைத்த தலையோடு வந்து, கைகட்டி நின்றுவிட்டுப் போனார்கள். ஒரு காலை, யாரும் இல்லாத நேரத்தில் அவள் சொன்னாள்.

"எல்லாரையும் கரையேத்திட்டேங்க. எறும்பு விஷயத்துல மட்டும் அந்த வருஷம் கோட்டை விட்டுட்டேன். தேறிடுவான்னு நான் நம்பின பொண்ணு. எப்படி முப்பத்தொண்ணு வந்துச்சுன்னு இன்னிக்கும் புரியலை."

செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு அவள் போகக் கூடாது. சொன்னால், இருக்கிற நாலு நாளும் என் முகத்தில் விழிக்க மாட்டாள். இரண்டுக்கும் நடுவில் மூன்று நாள் மென்று விழுங்கினேன். நான்காம் நாள் சொல்லிவிட்டேன்.

"அது நாப்பத்தொண்ணு. நான்தான் பத்தைக் குறைச்சேன். வேணும்னே."

"எதுக்கு?"

"தப்பாக் கூட்டினா நீ வந்து பக்கத்துல உக்காருவே. அதுக்குத்தான்."

"ஒரு பொண்ணோட ஒரு வருஷங்க. விளையாட்டா போச்சா உங்களுக்கு?" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று முழுவதும் மருந்தை மகள் கையால்தான் வாங்கிக் குடித்தாள். மறுநாள் காலை என்னைப் பாராமலே சொன்னாள்: "போய் அவகிட்ட சொல்லிட்டு வாங்க."

எறும்பு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தையல்கடை வைத்திருக்கிறாள். அறுபது வயதாகிறது. எந்திரத்தை நிறுத்திவிட்டு, நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். நாலு வார்த்தை திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"எங்க வீட்ல அஞ்சு பிள்ளைங்க ஐயா. எங்கம்மாவுக்கே என்கிட்ட வந்து உக்கார நேரமில்லை. அந்த ஒரு வருஷம் டீச்சர் எனக்காக தினம் வந்து உக்காந்தாங்க. அதை நான் குறை சொல்ல மாட்டேன்." கத்திரிக்கோலை எடுத்தாள், மறுபடி கீழே வைத்தாள். "ஆனா இதை அப்பவே சொல்லியிருக்கலாம். நான் மக்குன்னே இத்தனை வருஷமும் நெனச்சிட்டு இருந்தேன்."

வீட்டுக்கு வந்து, கடைசி வாக்கியத்தையும் மறைக்காமல் அவளிடம் ஒப்பித்தேன். கேட்டுவிட்டு அழுதாள். முகத்தைத் துடைத்துவிட்டேன். தடுக்கவில்லை.

"என்னங்க."

"ம்."

"பக்கத்துல வந்து உக்காருன்னு ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டிருக்கலாமில்ல?"

"நீ எப்பவும் வேலையா இருப்பே."

"கேட்டிருந்தா வந்திருப்பேன். நீங்க கேக்கவே இல்லையே."

யோசித்துப் பார்த்தேன். கேட்டதே இல்லைதான். முன்பின் தெரியாத ஆயிரம் பேரைத் தள்ளி உட்காரச் சொன்ன வாய், இவளிடம் மட்டும் மூடியே கிடந்திருக்கிறது.

அன்று கேட்டேன். எழுந்து உட்கார அவளால் முடியவில்லை. சுவரோரமாக ஒரு சாண் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். பதினோரு நாள் அந்த ஒரு சாணில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் கட்டிலில் இடம் தாராளமாக இருந்தது.