நாலாங்கட்டை ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள்

ஜப்பான்காரன் வந்த மறுவருஷம் ஐப்பசியிலிருந்து, மலாயாவில் பீடோங் ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த நாலாங்கட்டை ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள் எதுவும் அழவில்லை. உயிரோடுதான் பிறந்தன. வாயைத் திறந்தன, முகம் சிவந்தன, கைகால்களை உதைத்தன. சத்தம் மட்டும் வரவில்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு, அடுப்புப் புகை பட்டோ எறும்பு கடித்தோ ஏதோ ஒரு நாள் அழத் தொடங்கும். அந்தச் சமயத்தில் கடையில் உப்பு கிடைக்கவில்லை, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, கட்டிக்கொள்ளத் துணி கிடைக்காமல் பெண்கள் சாக்கைத் தைத்து உடுத்திக்கொண்டிருந்தார்கள். ஆகவே பிள்ளைகள் அழாததைப் பற்றித் தோட்டத்தில் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

வெள்ளைக்கார டாக்டர் சண்டை தொடங்கியதுமே காரை எடுத்துக்கொண்டு தெற்கே போய்விட்டார். மிஞ்சியது மருதம்மாள். பெரிய மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிடும் நர்ஸ் அவள்தான். பிரசவம் பார்ப்பதும், பயிற்சிக்கு வரும் பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் அவள்தான். கட்டடத்தில் பாதியை ராணுவம் எடுத்துக்கொண்டது. பிரசவ வார்டுக்கும் ஜப்பானிய அதிகாரி படுக்கும் அறைக்கும் நடுவே பலகைச் சுவர் ஒன்றுதான். ஒரு மத்தியானம் அவர் தூங்கும்போது பிள்ளை ஒன்று பிறந்து அழுதது. அவர் எழுந்து வந்தார். தாயையும் பிள்ளையையும் ஒன்றும் செய்யவில்லை. மருதம்மாளை வெயிலில் மண்டியிட வைத்து, வாளி நிறையத் தண்ணீரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். கை தாழ்ந்தபோதெல்லாம் துப்பாக்கிக் கட்டையால் முதுகில் அடி விழுந்தது. பொழுது சாய்ந்ததும் அவள் எழுந்து வந்து, இனி வார்டில் சத்தமே வரக் கூடாது என்றாள். பயிற்சிப் பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். பிரசவத்துக்கு வந்தவர்கள் துணியைப் பல்லால் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டார்கள். ஐப்பசி பிறந்ததும் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டன.

பாப்பம்மா அங்கே சேர்ந்தது அடுத்த வருஷம் ஆவணியில். அவள் அப்பா ராமையாவைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். வீட்டில் மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் படிக்கிற பெண்களுக்கு ஒரு வேளை சோறு உண்டு என்று கேள்விப்பட்டு அம்மா கொண்டுவந்து விட்டாள். அவளுக்கு முன்பே சேர்ந்திருந்தவள் சந்திரா, சுங்கைப் பட்டாணி டவுனில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள். இருவரும் மருந்தறைக்குப் பின்னால் ஒரே பாயில் படுத்துக்கொண்டார்கள். வேலியைத் தாண்டிப் போக அனுமதி கிடையாது.

மருதம்மாள் எதையும் ஒரு முறைதான் செய்து காட்டுவாள். ஏன் என்று கேட்டால் ரூல்தடி மணிக்கட்டில் விழும். தட்டு கீழே விழுந்தால் இரண்டு மணிக்கட்டிலும் விழும். கை நடுங்குகிறவளிடம்தான் கத்தரிக்கோலைக் கொடுப்பாள். இப்படித்தான் அவர்கள் கற்றார்கள். நன்றாகவே கற்றார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். தொப்புள்கொடியின் துடிப்பையும் உதட்டின் நிறத்தையும் வைத்துப் பிள்ளையின் நிலையைச் சொல்ல இருவருக்கும் தெரிந்தது. ஆனால் கார்த்திகையில் சந்திராவின் குரல் போயிற்று. தைப்பூசத்துக்குள் பாப்பம்மாவின் குரலும் போயிற்று. வேலியோரம் வந்து நின்று அம்மா எதையாவது கேட்டால் பாப்பம்மா தலையை ஆட்டுவாள், அல்லது கண்ணைத் தாழ்த்துவாள். தம்பி பிறந்தபோது வீடே அதிரும்படி அழுதது அவளுக்கு ஒரு காலத்தில் நினைவிருந்தது. பிறகு அதுவும் மறந்துபோயிற்று.

சித்திரையில் அழகம்மா என்ற ரப்பர் பால்வெட்டுக்காரி பிரசவத்துக்கு வந்தாள். ஆண் பிள்ளை பிறந்தது, வழக்கம்போல ஓசையில்லாமல். மருதம்மாள் மருந்தறைக்குப் போயிருந்தாள். சந்திரா வெளியே வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். பாப்பம்மா பிள்ளையைத் துடைத்துவிட்டுத் திரும்பியபோது விரிப்பு நனைந்து கட்டிலுக்குக் கீழே ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. கற்றுக்கொடுத்தபடி அடிவயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நிற்கவில்லை. கையை எடுத்தால் இன்னும் கொட்டும். கூப்பிட வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. எட்டுகிற தூரத்தில் பீங்கான் பேசின் இருந்தது. அதைத் தள்ளிவிட்டிருந்தால் போதும், எல்லாரும் ஓடிவந்திருப்பார்கள். தள்ள வேண்டும் என்று அவளுக்குத் தெரியவும் தெரிந்தது. கை போகவில்லை. அழகம்மா அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு பார்க்கவில்லை.

மருதம்மாள் வந்து, நாடியைத் தொட்டுவிட்டு, கண்களை மூடிவிட்டாள்.

"ஏன் கூப்பிடல?" என்றாள் தணிந்த குரலில்.

பாப்பம்மா கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மருதம்மாள் ரூல்தடியை எடுத்தாள். பிறகு அடிக்காமலேயே வைத்துவிட்டாள். அது அடியைவிட மோசமாக இருந்தது.

அந்த வருஷக் கடைசி மழையில் ஆறு பெருகி, அக்கரை லயத்திலிருந்த புஷ்பவள்ளியால் ஆஸ்பத்திரிக்கு வர முடியவில்லை. மருதம்மாளுக்கு மலேரியாக் காய்ச்சல். பாப்பம்மாவைத் தனியாகப் படகில் அனுப்பிவைத்தார்கள். பிரசவத்தில் சிக்கல் எதுவும் இல்லை. தலை திரும்பியிருந்தது, பிள்ளை வந்தது, பெண். வந்ததும் வீல் என்று கத்திற்று. எங்கோ கிழிந்துவிட்டது, ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் பாப்பம்மா நினைத்தாள். அதற்குள் அவள் உள்ளங்கை தானாகவே போய்ப் பிள்ளையின் வாயை மூடியிருந்தது. உதடுகளைச் சுற்றி நீலம் பரவுவதைப் பார்த்தாள். அந்த நீலத்துக்கு அர்த்தம் என்ன என்று அந்தத் தோட்டத்தில் அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. ஆனாலும் கை எழவில்லை.

புஷ்பவள்ளி படுத்தபடியே காலைத் தூக்கி அவள் மார்பில் உதைத்தாள்.

"கைய எடு. எம் புள்ளய விடு."

பாப்பம்மா சுவரில் போய் மோதினாள். பிள்ளை ஒரு முறை விக்கி, மூச்சிழுத்து, மறுபடி கத்தத் தொடங்கியது. அவள் தவழ்ந்து வந்து அதன் முதுகைத் தடவினாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் தொண்டையிலிருந்து குரல் வந்தது, துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறப்பதுபோல.

"அக்கா, அதுக்கு எங்கயாச்சும் வலிக்குதா?"

புஷ்பவள்ளி அவளை வெறித்துப் பார்த்தாள். "பொறந்திருக்குலா. அழுவாதா?"

பாப்பம்மா அங்கேயே உட்கார்ந்து, அழுகிற பிள்ளையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் வடிந்து படகு கிடைக்கும்வரை அந்த வீட்டில்தான் இருந்தாள். அந்த நாட்களில் புஷ்பவள்ளி பிள்ளையை அவள் கையில் கொடுக்கவே இல்லை.

திரும்பி வந்ததும் வார்டுக்குள் கால் வைத்தபோது குரல் மீண்டும் போய்விட்டது. வெளியே வாசற்படியில் நின்றால் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தாள், வெளியே வந்து பார்த்தாள், அப்படித்தான் இருந்தது. ரப்பரை வாங்க ஆளில்லாததால் பால் ஷீட்டுகளைக் காயவைக்கும் புகைக்கொட்டகை அப்போது காலியாகக் கிடந்தது. அடுத்து இடுப்பு வலியோடு வந்த பெண்ணை அவள் வார்டுக்குள் விடவில்லை. சந்திராவைச் சைகையால் கூப்பிட்டு, இருவருமாகத் தாங்கிப் பிடித்துக் கொட்டகைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். சாக்கை விரித்தார்கள். மருதம்மாள் தேடிக்கொண்டு ரூல்தடியோடு வந்து சேர்ந்தபோது தலை வெளியே வந்திருந்தது. அவள் வாயைத் திறக்குமுன் பிள்ளை பிறந்து அழுதது. கொட்டகைத் தகரம் அந்த அழுகையை வாங்கித் தோட்டம் முழுக்க வீசியது. மருதம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஜப்பானியச் சிப்பாய் ஒருவன் ஓடிவந்தான். "டியாம்! டியாம்!" என்று தெரிந்த மலாய் வார்த்தையைக் கத்தினான். சும்மாயிரு என்று அர்த்தம். பிள்ளைக்கு மலாய் தெரியவில்லை. அவன் உள்ளே வந்தபோது மருதம்மாள் குறுக்கே போய் நின்றாள். அவன் கன்னத்தில் அறைந்தான், அவள் நகரவில்லை. பிறகு துப்பாக்கிக் கட்டையால் வாயில் இடித்தான். அவள் கீழே விழுந்து, எழுந்து, அதே இடத்தில் நின்றாள். அவன் சாக்கின்மேல் கிடந்த பெண்ணையும் தரையிலிருந்த ரத்தத்தையும் பார்த்துவிட்டு, "பகேரோ" என்று தன் பாஷையில் திட்டித் துப்பிவிட்டுப் போனான்.

மருதம்மாள் இரண்டு பற்களைக் கையில் துப்பினாள். பிறகு ரூல்தடியால் பாப்பம்மாவின் மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி.

"வேடிக்க பாக்காத. நஞ்சுக்கொடி வந்துச்சா பாரு."

"வரல மிஸ்ஸி," என்றாள் பாப்பம்மா. "ரத்தம் அதிகமாப் போவுது. எனக்குப் பயமா இருக்கு. நீங்க வந்து பாருங்க."

மருதம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மண்டியிட்டு, கையை உள்ளே விட்டு நஞ்சை எடுத்தாள். எடுத்துக்கொண்டே, விரல்களை எப்படி வைக்க வேண்டும், எந்தப் பக்கமாகப் பிரிக்க வேண்டும் என்று உடைந்த வாயால் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பிரசவமெல்லாம் கொட்டகையில்தான். சந்திராவின் குரல் மாசியில் திரும்பியது, முன்பைவிடச் சற்றுத் தடித்து. மருதம்மாள் அடிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அடித்தாள். ஜப்பான்காரன் போனான். ராமையா சயாமிலிருந்து திரும்பி வரவில்லை. எங்கே இறந்தார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. புதிதாக வந்த வெள்ளைக்கார டாக்டர் கொட்டகையைப் பார்த்துச் சீறி, பிரசவத்தை மறுபடி வார்டுக்கே மாற்றினார். பலகைச் சுவரைப் பிடுங்கினார், வெள்ளையடித்தார், பெரிய ஜன்னல்கள் வைத்தார். அங்கே பிறந்த பிள்ளைகள் வாயைத் திறந்தன, சத்தம் வரவில்லை. அவர் உள்ளங்காலில் சுண்டிப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். கடைசியில் கொட்டகைக்குச் சிமெண்டுத் தரை போடச் சொல்லிவிட்டார்.

வார்டைக் காய்ச்சல்காரர்களுக்கு ஒதுக்கினார்கள். அங்கே அவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். ஒருவர் பிதற்றல் இன்னொருவருக்குக் கேட்காது. எது வேண்டுமென்றாலும் கூப்பிட முடியாது என்பதால், பயிற்சிப் பெண்களில் ஒருத்தி எந்நேரமும் கட்டில்களுக்கு நடுவே நடந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும் என்று பாப்பம்மா மிஸ்ஸி ஏற்பாடு செய்தாள்.