பத்துப் பேருக்குக் குறைந்தால்

மனிதவள அதிகாரி ராஜகோபால் மவுஸை நகர்த்த நகர்த்த, துர்காவின் கண்ணும் திரையில் அதோடு ஓடியது.

மறைமலை நகரில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் தொழிற்சாலை அது. இருநூற்றுச் சொச்சம் பேர், பாதிக்கு மேல் பெண்கள். அவர்கள் மனதில் இருப்பதைத் தெரிந்துகொள்ள ஒரு சர்வே செய்து தரும்படி, தாம்பரம் சானடோரியத்தில் துர்கா வேலை பார்க்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியிடம் கேட்டிருந்தார்கள். மூன்று மாதமாக அவள்தான் அதோடு மல்லுக்கு நின்றாள். கேள்விகளை நாலு தடவை மாற்றச் சொன்னார்கள். பக்கத்தின் நிறத்தை ஆறு தடவை. சனிக்கிழமை என்று ஒன்று உண்டு என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

போன வெள்ளிக்கிழமை, தொழிற்சாலை கேன்டீனில் நாலு கம்ப்யூட்டர் போட்டு சர்வே எடுத்தாகிவிட்டது. கீபோர்டைத் தொடத் தயங்கியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லச் சொல்ல அவளே அடித்துக் கொடுத்தாள். "பேர் கேக்காது அக்கா. யார் சொன்னதுன்னு யாருக்கும் தெரியாது" என்று அன்றைக்கு எத்தனை தடவை சொன்னாளோ, தொண்டை கட்டிவிட்டது.

இன்று ரிப்போர்ட்டைக் காட்டும் நாள். ராஜகோபால் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. துர்காவின் டீம் லீடர் பிரேம் பக்கத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பிரமாதம்மா. பிரிவு வாரியா பாக்கலாம், ஷிஃப்ட் வாரியா பாக்கலாம். இது என்ன, பஸ் ரூட்டா?"

"ஆமா சார். கம்பெனி பஸ் வசதி எப்படின்னு தெரிஞ்சுக்க நான்தான் சேர்த்தேன்."

சேர்த்தபோது கெட்டிக்காரத்தனமாகத்தான் தோன்றியது.

ராஜகோபால் தையல் பிரிவைச் சொடுக்கினார். அறுபத்திரண்டு பேர். காலை ஷிஃப்டைச் சொடுக்கினார். முப்பத்தாறு பேர். ராஜகீழ்ப்பாக்கம் பஸ்ஸைச் சொடுக்கினார். ஒருவர்.

அந்த ஒருவர் சொன்னது கீழே அப்படியே வந்து நின்றது: 'பாத்ரூம் போக லைனுக்கு ஒரு டோக்கன்தான். அதையும் சூப்பர்வைசர் சட்டைப் பையில போட்டுக்கிறார். கெஞ்சினால்தான் தருவார்.'

ராஜகோபால் நாற்காலியில் சாய்ந்தார். "ராஜகீழ்ப்பாக்கத்துலேர்ந்து தையலுக்கு ஒரே ஒரு லேடிதானே வருது? அதோட கான்ட்ராக்ட் இந்த மாசக் கடைசியில புதுப்பிக்கணும்னு ஞாபகம்."

சாமுண்டீஸ்வரி. வெள்ளிக்கிழமை துர்காவின் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி இதைச் சொன்னவள். பேரைக் கேட்கவில்லை என்று பெருமை பேசினோமே, பேரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டு வைத்திருக்கிறோமே! துர்கா திரையைக் காட்டினாள்.

"சார், அது நான் போட்டது."

"என்னது?"

"டெஸ்ட் பண்றதுக்காக நான் அடிச்சது சார். அழிக்க மறந்துட்டேன்."

பிரேமின் பற்கள் உள்ளே போயின.

"டெஸ்டுக்கு டோக்கன் கதையெல்லாம் எழுதுவீங்களா?"

"வெள்ளிக்கிழமை நானும் உங்க பாத்ரூமுக்குப் போனேன் சார். என்கிட்டயும் டோக்கன் எங்கன்னு கேட்டாங்க."

அது மட்டும் உண்மை. ராஜகோபால் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சந்தேகம் போன பார்வையாக இல்லை.

"அப்போ இதுல எது நிஜம், எது நீங்க அடிச்சதுன்னு நான் எப்படி நம்பறது?"

"எல்லாத்தையும் அழிச்சிடறேன் சார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி எடுத்துத் தரேன்."

வெளியே வந்து ஜி.எஸ்.டி. ரோட்டு டீக்கடையில் நிற்கும் வரை பிரேம் வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது டீயைவிடச் சூடாக வந்தது.

"உனக்கு என்ன பைத்தியமா? கையெழுத்து வாங்கிட்டுக் கிளம்பற நேரத்துல மறுபடி முதல்லேர்ந்தா?"

"அந்த அக்காவுக்கு வேலை போயிடும் பிரேம்."

"நமக்குப் போகாதா?"

அவளுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பு இல்லை. லாரி ஒன்று புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. பிரேம் தம்ளரை மூடிக்கொண்டு, "சரி, திரும்ப இப்படி ஆகாம என்ன பண்ணப் போறே?" என்றான்.

"பஸ் கேள்வியைத் தூக்கிடறேன். ஒரு விஷயத்தைப் பத்துப் பேருக்குக் குறைச்சலா சொல்லியிருந்தா, அது ரிப்போர்ட்ல வராது."

"பத்து எங்கேர்ந்து வந்தது?"

"சும்மாதான். ஏதாவது ஒரு நம்பர் வேணுமே."

போனில் இதைக் கேட்ட ராஜகோபால் உடனே சம்மதித்தார். ஒருத்தர் ரெண்டு பேர் புலம்பலை எல்லாம் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று தானே நினைத்திருந்தாராம். தான் போட்ட கணக்கு அவருக்குத்தான் வசதி என்று, போனை வைத்த பிறகுதான் துர்காவுக்கு உறுத்தியது.

அடுத்த வெள்ளிக்கிழமை, அதே கேன்டீன். சாமுண்டீஸ்வரி வந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"இன்னா மேடம், மறுபடியும் வந்துகினு கீற? போன வாரம் சொன்னது இன்னா ஆச்சு?"

துர்கா குரலைத் தாழ்த்தி நடந்ததைச் சொன்னாள். நன்றி எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

"அயிச்சிட்டியா?" சாமுண்டீஸ்வரியின் முகம் சுண்டியது. "யாரைக் கேட்டு அயிச்ச? பயந்துகினுதான் சொன்னேன். ஆனா சொன்னேன்ல?"

"உங்க வேலை போயிடும்னுதான்க்கா..."

"போனா போறது என்து. இப்ப அந்த ஆளு பாக்கெட்ல டோக்கன் அப்படியேதானே கீது?"

துர்கா உள்ளதைச் சொல்லிவிட்டாள். "இப்ப ஒத்தையா சொன்னா எங்கயும் வராதுக்கா. பத்துப் பேர் சொல்லணும். பத்துப் பேர் சொன்னா, யாருன்னும் தெரியாது."

"இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா பேஜாரு உனக்கு?"

எழுந்து வரிசைக்குப் போனாள். "ஏய் பூவம்மா, புதன்கெயமை டோக்கனுக்கு அயுதுகினு நின்னியே, வா இப்டி! வாய் சபரிமலைக்கா போய்க்கீது?" வரிசையில் சிரிப்பு கிளம்பியது. பூவம்மாள் வந்து சொன்னாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. ஹில்டா மட்டும், "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, சாம்பார்ல உப்பு இல்லன்னு போடு" என்று எழுந்து போய்விட்டாள்.

மூன்றரைக்கு பஸ் ஹாரன் அடித்தது. கேன்டீன் காலியானது. சாமுண்டீஸ்வரியும் அவள் இழுத்து வந்தவர்களும் மட்டும் வாசலில் நின்றார்கள்.

"எவ்ளோ?"

"உங்களோட சேர்த்து எட்டு."

"பயந்தாங்கொள்ளிங்க" என்றாள் சாமுண்டீஸ்வரி. அலுப்பில் குரல் கீழே போயிருந்தது.

துர்கா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்து என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. டீக்கடையில் அவள் வாயிலிருந்து வந்தது. ஆனால் இவர்களிடம் பத்து என்று சொல்லியாகிவிட்டது.

"அக்கா, அந்தக் கணக்கை எட்டுன்னு மாத்த என்னால முடியும். ஆனா ஆள் குறையக் குறைய யாருன்னு கண்டுபிடிக்கிறது சுலபம். நீங்க எட்டுப் பேரும் சரின்னு சொன்னாத்தான் மாத்துவேன். ஒருத்தர் வேணாம்னாலும் வேணாம்."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பூவம்மாள் முந்தானை நுனியைக் கடித்தாள். பஸ் மறுபடி ஹாரன் அடித்தது.

"எட்டுப் பேத்தையும் நிறுத்திட்டா அந்த ஆபீசரே மிஷின்ல குந்தி தெப்பாரா?" என்றாள் பூவம்மாள் திடீரென்று. "போடு மேடம்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். துர்கா பத்தை அழித்து எட்டு என்று அடித்தாள். ரிப்போர்ட்டில் 'கழிப்பறை' என்ற தலைப்பு மெல்ல வந்து நின்றது. அதை அச்செடுத்து, ராஜகோபாலின் அறையை நோக்கிக் காலை இழுத்துக்கொண்டு நடந்தாள்.