ஜன்னல் அறைக்கு யார் கட்டுவது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு பத்திரிகையில் கட்டுரை கேட்டார்கள். "பணக்காரர்கள் கூடுதலாக வரி கட்ட வேண்டுமா? ஏதாவது ஒரு பக்கம் நின்று எழுதுங்கள். ரெண்டு பக்கமும் காலை வைத்து வழுக்காதீர்கள்" என்றார் ஆசிரியர். அவருக்கு என்னை நன்றாகத் தெரியும்.

உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் இப்படி வந்தது:

செல்வம் ஓரிடத்தில் தேங்கும்போது —

தேங்கினால் என்ன ஆகும் என்று யோசித்ததில் கொசு வரும் என்பதைத் தவிர எதுவும் தோன்றவில்லை. அடித்தேன். அடுத்தது:

உழைத்துச் சேர்த்தவனிடம் வந்து கைநீட்டும் அரசு —

இதையும் அடித்தேன். இது என் வாக்கியமே இல்லை. எங்கள் வீட்டு உரிமையாளர் வாடகை வாங்க வரும்போதெல்லாம் சொல்வது.

மூன்றாவது வாக்கியம் வராமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு முதியோர் காப்பகத்தில் சண்டை போட்ட அக்காவும் தம்பியும் நினைவுக்கு வந்தார்கள். கட்டுரை அத்தோடு படுத்துவிட்டது.

2

என் சித்தி அந்தக் காப்பகத்தில் முன்பக்கத்து அறை ஒன்றில் இருந்தார். பெரிய ஜன்னல், கீழே சாலை. அறை வாசலுக்கு எதிரே, தாழ்வாரத்தில், தினமும் ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவரே அங்கேதான் நிறுத்தச் சொல்வாராம்.

"அந்த ஆளு என்னையே பாக்கறான்டா" என்றார் சித்தி. குரலில் புகாரைவிடப் பெருமை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

பெரியவர் பார்த்தது சித்தியின் தலைக்கு மேலே தெரிந்த ஜன்னலை. காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். முன்கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தே அந்த அக்காவையும் தம்பியையும் ஆளாக்கியவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலற்றுப் போனபின், கட்டடத்தின் பின்புறம் இருவர் படுக்கும் அறையில் அவருக்கு ஒரு கட்டில் கிடைத்தது. அங்கேயும் ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

நான் கண்ணால் கண்டது இவ்வளவுதான், கூடவே அந்தச் சண்டையும். இனி வருவதில் எது கேட்டது, எது நானாகக் கட்டியது என்று என்னைக் கேட்காதீர்கள்.

3

அக்காவை முதலில் கல்லூரி ஆசிரியை ஆக்கிப் பார்த்தேன். பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. ஆகவே பல் ஆஸ்பத்திரியில், வருகிறவர்களுக்குச் சீட்டுக் கொடுக்கும் மேசையில் உட்காரவைத்தேன். அங்கே அவள் தினமும் பார்ப்பது ஒன்றுதான். காசு இருப்பவர் பல்லைக் காப்பாற்றிக்கொள்வார், இல்லாதவர் பிடுங்கிக்கொண்டு போவார். இருக்கிறவன் கூடுதலாகக் கட்டத்தான் வேண்டும் என்ற அவளுடைய பிடிவாதம் அந்த மேசையில் வந்தது.

தம்பியின் கதை வேறு. முதல் வரைவில் அவன் விரலுக்கு ஒரு மோதிரம் போட்டு, டிரைவரை நாயே பேயே என்று —

வேண்டாம். அவ்வளவு சுலபமாக அவனை வெறுக்க முடிந்தால் எனக்கும் உங்களுக்கும் வேலை மிச்சம். அவனுக்கு டைல்ஸ் கடைகள் இருக்கின்றன, ஒன்றில்லை, மூன்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அப்பாவின் நகத்தை அவனே வெட்டிவிடுவான். அக்காவுக்குக்கூட அந்தப் பொறுமை கிடையாது.

(இங்கே ஒரு குறிப்பு. விட்டுவிட்டுப் படித்தால் பின்னால் என்னைத் திட்டுவீர்கள். சின்ன வயதில் அப்பா எப்போதாவது ஒரு ஆப்பிள் வாங்கி வருவார். ஒன்றுதான். ஒருவர் வெட்ட வேண்டும், மற்றவர் முதலில் எடுக்க வேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம். வெட்டுகிறவர் ஓரவஞ்சனை செய்தால் சின்னத் துண்டு அவருக்கே மிஞ்சும். அதனால் அக்கா கண்ணை இடுக்கிக்கொண்டு வெட்டுவாள். 'அப்பாவுக்கு?' என்று ஒப்புக்குக் கேட்டால், 'எனக்கெதுக்கு, வழியிலேயே தின்னுட்டேன்' என்பார். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். சட்டம் போகவில்லை. அப்பாவின் காப்பகச் செலவும் பாதி பாதி.)

4

பார்வையாளர் கூடத்து டீவியில் நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். பணக்காரர்களுக்கு வரியை ஏற்றப் போகிறார்களாம்.

"நாயா அலைஞ்சு கடைய நிமித்தினது நானு" என்றான் தம்பி. "இவங்க நோகாம வந்து கைய நீட்டுவாங்களா?"

"நீ மட்டுமா நிமித்தின? உன் லாரி வர்ற ரோட்ட உங்கப்பனா போட்டாரு?"

"உனக்கும் அவர்தான் அப்பன்."

"அதான். அவர் அந்த ரோட்டுலதான் பஸ் ஓட்டினாரு."

இருவரும் சிரித்துவிட்டார்கள். கதை இங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அந்த நேரம் பார்த்துக் காப்பகத்தை நடத்தும் அம்மா வந்து, முன்பக்கத்தில் ஒரு அறை காலியாகிறது, வாடகை கூடுதல், வேண்டுமா என்று கேட்டாள்.

"எடுத்துக்கலாம். மேல ஆகறத நான் பாத்துக்கறேன்" என்றான் தம்பி.

"வேணாம். பாதி பாதின்னுதானே பேச்சு."

"உன்னால முடியாதுல்ல?"

"முடியாது. அதனாலதான் வேணாங்கறேன்."

"இப்பதானே இருக்கறவன் கூடக் குடுக்கணும்னு அவ்வளவு பேசின?"

"குடுக்கணும்னு சொன்னேன். மனசு வந்தா குடுக்கலாம்னு சொல்லல. சட்டம் போட்டு வாங்கினா யாரும் யார் முன்னாடியும் தலை குனிய வேண்டாம். நீ குடுத்தா அது உன் தயவு. நாளைக்கு எந்த டாக்டர், எந்த மருந்துன்னு நீ சொல்லுவ, நான் தலையாட்டணும்."

"நான் அப்படிப்பட்டவனாக்கா?"

"இன்னிக்கு இல்ல."

அவன் முகம் செத்துப்போயிற்று. "என்கிட்ட புடுங்கினா எனக்குக் கோவம் வருது. நானா குடுத்தா உனக்குக் கோவம் வருது. நல்ல குடும்பம்" என்றான்.

(இந்த இடத்தில் நான் அக்காவின் பக்கம் சாய்ந்தேன். ஒரு நாள் கழித்துத் தம்பியின் பக்கம். இரண்டு முறையும் பெரியவரை மறந்துவிட்டிருந்தேன்.)

கடைசியில் அப்பாவையே கேட்டுவிடலாம் என்று நாற்காலிக்கு அருகே போனார்கள்.

"அப்பா, ரோட்டப் பாத்த மாதிரி ஒரு ரூம் இருக்காம். போறீங்களா?"

அப்பா மகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். சண்டை அவர் காதிலும் விழுந்திருக்கும். கோணிய வாயால் மெல்லச் சொன்னார்: "எனக்கெதுக்கு. ரெண்டும் ஒண்ணுதான்."

"பாத்தியா" என்றாள் அக்கா. தம்பி போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினான். பேச்சு முடிந்ததில் அவனுக்கும் ஒரு நிம்மதி இருந்தது. மறுநாள் அந்த அறைக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள். சித்தி தன் அறைக் கதவைச் சாத்தியே வைக்கச் சொல்லிவிட்டார்.

5

சில வாரங்கள் கழித்து, பல் ஆஸ்பத்திரிக்கு ஒரு முதியவர் மகளோடு வந்தார். பல்லைக் காப்பாற்றலாம், செலவாகும் என்றார் டாக்டர். மகள் கைப்பையைத் திறந்தாள், மூடினாள். முதியவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "பிடுங்கிடச் சொல்லும்மா. எனக்கெதுக்கு இந்த வயசுல பல்லு" என்றார்.

அக்கா இந்தப் பேச்சை அந்த மேசையில் எத்தனையோ முறை கேட்டவள். அதற்கு என்ன பொருள் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. அன்றுதான் அது அவளுக்கு அப்பாவின் குரலில் கேட்டது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். ஊரில் இருக்கிற எல்லோருடைய 'எனக்கெதுக்கு'வும் புரிந்தவளுக்கு, பெற்ற அப்பாவுடையது மட்டும் புரியாமல் போயிற்றே என்று அழுதாள். அவளைத் தேற்ற ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது, எடுத்துவிட்டேன்.

6

பெரியவர் இன்னும் அந்தப் பின்னறையில்தான் இருக்கிறார். எழுதுகிறவனுக்கு ஜன்னல் அறைக்கு வாடகை கிடையாது. ஒரே வரியில் அவரைத் தூக்கி முன்னால் வைத்துவிடலாம். ஆனால் அந்த வரிக்கு முன்னால் அக்கா தம்பியில் யாராவது ஒருவர் மற்றவருக்குப் போன் செய்தாக வேண்டும். ஆகவே இரண்டு முடிவுகள்.

அ. மறுபடி ஒரு முன்னறை காலியாகிறது. அக்கா தம்பியைக் கூப்பிட்டு, "நீயே கட்டுடா" என்கிறாள். அப்பா சாலையைப் பார்க்கிறார். பஸ் திரும்பும்போதெல்லாம் அவருடைய இடக்கை லேசாக வளைகிறது. அக்கா வருகிறாள், ஆனால் நாற்காலியில் உட்காருவதில்லை. யாரோ வீட்டுக்கு வந்தவள்போல வாசலோரமாகவே நின்றுவிட்டுப் போகிறாள். என்ன மருந்து என்று இப்போதெல்லாம் அவள் கேட்பதில்லை.

ஆ. அக்கா கூப்பிடவில்லை. பாதி பாதி நிலைக்கிறது. ஞாயிறுதோறும் தம்பி நகம் வெட்டுகிறான், அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்தில் திறந்த கதவு ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறாள். யாருக்கும் யாரும் கடன்படவில்லை. அப்பாவுக்குச் சுவர்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. தம்பியும் அவனைப் போன்றவர்களும் ஊருக்கு வரி கட்டி, எல்லா அறைக்கும் ஜன்னல் வந்து, அக்கா யாருக்கும் நன்றி சொல்லாமல் உட்கார்ந்து அப்பாவோடு சாலையைப் பார்க்கும் முடிவு. அதை எழுத நான் ஒருவன் போதாது. (ஆசிரியருக்கு: என் பக்கம் இதுதான். இவ்வளவு தாமதமாகச் சொல்வதற்கு வருந்துகிறேன்.)

இருக்கிற இரண்டையும் கண்ணை இடுக்கிக்கொண்டு, முடிந்தவரை சமமாகவே வெட்டியிருக்கிறேன். சட்டப்படி முதலில் எடுக்க வேண்டியவர் நீங்கள். மிஞ்சுவது எனக்கு.

எடுப்பதற்கு முன் அப்பாவை ஒரு வார்த்தை கேளுங்கள். எனக்கெதுக்கு என்பார். நம்பாதீர்கள்.